பாரிஸுக்கு ஒரு குத்துவிளக்கு

சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்குத் தெரிந்த பெடியன் ஜெராட்டின் போன் வந்தபோது நான் கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் சண்முகராசா சாப்பாட்டு மேசையில் இருந்தபடி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, எனக்கு ஷிப்ட் மாத்திப்போட்டாங்கள், பாரிஸ் போக ஏலாது. உங்கட பார்சலைத் திருப்பித் தரக் காலமை வந்தனான். நீங்கள் ரெண்டு பேரும் வீட்டில இல்லை. தானும் இண்டைக்குப் பாரிஸ் போறன் எண்டு உங்கட மகள் கோசிகா வாங்கி வைச்சவள். பாரமான விளக்கு, பத்திரமாக் கொண்டு போகச் சொல்லுங்கோ."

போன் நின்ற பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன விளக்கு?" என்று கேட்டேன்.

"விளக்கில்லையப்பா. அந்தத் துவக்கு."

அடுப்பை நிறுத்தினேன்.

அந்தத் துவக்கை, பழைய கைத்துப்பாக்கியை, வசந்தகாலத்தில் பழைய சாமான் விற்கும் ஒரு கார் பூட் சேலில் வாங்கி வந்தார். ராசா காலத்துச் சாமான் மாதிரி மரப்பிடியும் பித்தளைப் பூவேலையும். எப்போது செய்தது, வெடிமருந்து அடைத்தால் சுடுமா சுடாதா, எதுவும் அவருக்குத் தெரியாது. இணையத்தில் விற்கப் போட்டார். பாரிஸில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவர் சுவரில் மாட்டுவதற்கென்று வாங்கிவிட்டார். அனுப்பப் போனால் இரண்டு கூரியர்காரர்களும் மாட்டோம் என்றார்கள், அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமாம். கொண்டுபோய்ப் பொலிசில் கொடுங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். ஓம் ஓம் என்றார். நானும் நம்பினேன்.

அவர் செய்தது எங்கள் ஆட்களின் வழமையான வேலை. யாராவது பயணம் போகிறார்கள் என்றால் அவர்கள் கையில் ஒரு பார்சல் கொடுத்துவிடுவோம். வாங்கியவர் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. குத்துவிளக்கு என்று சொல்லி ஜெராட்டிடம் கொடுத்திருக்கிறார்.

"அந்தப் பெடியனுக்கு இன்னும் இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே கிடைக்கேல்ல. பிடிச்சிருந்தா அவன்ர கதி என்ன?"

"பிடிக்கமாட்டாங்கள் எண்டு நினைச்சன்."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளையின் பையில் துவக்கை வைத்தால் என்ன நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கோசிகா எங்களுக்கு ஒரே பிள்ளை. மருந்தாளருக்குப் படித்து முடித்து, வருகிற மாதம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர இருந்தாள். பொலிசில் ஒரு சின்னப் பதிவு இருந்தாலும் அந்த வேலை போய்விடும். இது சின்னப் பதிவு இல்லை, மறியற்சாலைக்கே போகக்கூடிய விஷயம். போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. 'ஸ்டேஷனுக்கு உள்ளே போகாதே, பார்சலைத் தொடாதே' என்று செய்தி அனுப்பினேன். அவள் அதைப் பார்த்ததாகக் காட்டவில்லை.

"பொலிசுக்கு நாங்களே அடிச்சுச் சொல்லுவம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். சில நேரம் தப்பிப் போயிடுவாள். நாங்களே ஏன் காட்டிக் குடுப்பான்?"

இளவயதில் ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் அடித்து அனுப்பிய மனிதர். இன்றைக்கும் சீருடை கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறி நடப்பார். அவரைத் திட்டலாம். ஆனால் நானும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். தப்பிப் போகட்டும் என்றுதான் எனக்கும் மனம் சொன்னது.

எங்கள் பகுதியான தோர்ண்டன் ஹீத்தில் ரயில் ஏறி, ஈஸ்ட் குரொய்டனில் மாறினோம். பாரிஸ் ரயில் சென் பாங்கிரஸில்தான் புறப்படும். பையைச் சோதிப்பவர்கள் கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள் என்பதிலேயே என் நினைவு சுற்றியது. அது எனக்குத் தெரிந்திருந்ததுதான் பயம். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பெட்டிகளில் பாதி மற்றவர்களின் பார்சல்தான். ஏழு வயதிலேயே அவளுக்குப் பாடமாக்கியிருந்தேன்: "ஆர் கேட்டாலும் என்ர சாமான், நான்தான் அடுக்கினனான் எண்டு சொல்லு. மற்ற ஆக்களின்ர எண்டா விடமாட்டாங்கள்." அவள் அந்த நாளில் அதைத் திருவாசகம் மாதிரி ஒப்புவிப்பாள்.

முருகா, இன்றைக்கு மட்டும் அவள் அதை மறந்திருக்க வேண்டும்.

பயணப்பைகளைச் சோதிக்கும் இடத்தில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். மகளின் பெயரைச் சொன்னதும் அங்கு நின்ற பெண் வேறொருத்தரைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்களைப் பக்கத்து அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

முதலில் கண்ணில் பட்டது என் ஊதா வொயில் சீலை. அதைக் கிழித்துத்தான் என் கணவர் துவக்கைச் சுற்றியிருக்கிறார். சீலைத்துண்டின் மேல் துவக்குக் கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆயுதத்தோடு இரண்டு பொலிஸ். நடுவில் என் பிள்ளை.

என் கணவரைப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கால்சட்டையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. இந்த மனிதர் பேசாமல் நின்றுவிடுவாரோ என்று பயந்து அவருடைய முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

"அது என்னுடையது" என்றார் ஆங்கிலத்தில். குரல் உடைந்து வந்தது. "மகளுக்கு ஒன்றும் தெரியாது."

அதிகாரி மகளின் பக்கம் திரும்பினார். அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். அந்த நடுக்கம் ஏன் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள்.

"அப்பா என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். அது என்னுடைய சாமான். நான்தான் அடுக்கினேன்."

"பிள்ளை, இல்லையெண்டு சொல்லு" என்று தமிழில் கத்தினேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை.

பிறகு அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "என் மகள் பொய் சொல்கிறாள். அப்படிச் சொல்ல நான்தான் பழக்கினேன்." சொல்லும்போதே என் குரலும் நடுங்கியது.

அதிகாரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நடுங்காமல் பேசியவள் அவள் ஒருத்திதான். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அவளைத்தான் நம்பியிருப்பேன்.