கொக்கிக்குக் கீழே

ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவர் கேப்டன் இஸ்மாயில். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு விடியுமுன்னே எழுந்து சஹர் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கமுக்கமாக நோன்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் புனேயிலிருந்து சென்னைக்கு விமானம் ஓட்ட வேண்டும். அதுதான் கடைசி ஓட்டம். மறுநாள் அவருக்கு வயது அறுபத்தைந்து ஆகிறது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் அவரை ஓட்டுகிற இடத்தில் உட்காரவிடாது.

நோன்போடு ஓட்டக்கூடாது என்பது கம்பெனி விதி. விதி கிடக்கட்டும், அவருக்கே தெரியாதா என்ன? மேலே போனால் காற்று வறண்டு கிடக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். பட்டினி கிடக்கிறவனுக்குச் சாயங்காலம் ஆக ஆகத் தலை கனக்கும். படித்த எண்ணையே மறுபடி படிப்பான். தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டே தப்புச் செய்வான், அதுதான் அதிலுள்ள மோசம். இளசுகளுக்கு இதையெல்லாம் பாடமாகவே நடத்தியிருக்கிறார். மராட்டியப் பெண்கள் புருஷன் நன்றாக இருக்க வேண்டுமென்று சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிற ஹர்தாலிகா அன்றைக்கு, துணை விமானி தீப்தி அந்த விரதத்தோடு வேலைக்கு வந்து நின்றாள். "தண்ணி குடி, சாப்பிடு. முடியாதுன்னா வீட்டுக்குப் போ" என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பினவர் இதே மனிதர்தான். பாவம், அந்தப் பெண் கண் கலங்கிப் போனாள்.

இப்போது பாருங்கள், தனக்கென்று வந்ததும் சட்டம் எங்கே போனதோ!

விஷ்ராந்த்வாடி வீட்டில் காலையில் நஸ்ரின் சாயா கொண்டுவந்து வைத்தாள். அவளும் நோன்புதான். ஆனால் ஓட்டுகிற நாளில் புருஷன் நோன்பு வைக்கமாட்டார் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். விட்ட நோன்பை எல்லாம் பெருநாள் கழிந்து ஒவ்வொன்றாக வைத்து ஈடுகட்டிவிடுவார். சஹருக்குத் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது சும்மா துணைக்கு என்று நினைத்திருந்தாள். சாயா ஆறி ஆடை கட்டிய பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"நோன்பு வச்சிருக்கியளா?"

அவர் பேப்பரைத் திருப்பினார்.

"உங்களத்தான் கேக்கேன்."

"இன்னைக்கு ஒரு நாளு நஸ்ரின். கடைசி நாளு. வாப்பா மாதிரி ஒரே ஒரு தரம் இருந்துட்டுப் போறேனே."

"உங்க வாப்பா ஓட்டுனது கிரேன். நீங்க ஓட்டுறது ஏரோப்பிளேன். எத்தனை உசிரு உக்காந்திருக்கும்! பிரயாணத்துல இருக்கவங்களுக்கு அல்லா சலுகை குடுத்திருக்கான். அவன் குடுத்தத வேண்டாம்ங்கிறதுக்கு நீங்க யாரு, பெரிய இவரு?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறவன்தான் தப்புப் பண்ணுவான்னு நீங்கதான சொல்லுவிய? நல்லாக் கேட்டுக்கிடுங்க. நீங்க வாயில தண்ணி ஊத்துனாத்தான் நான் அந்தப் பிளேன்ல ஏறுவேன். இல்லேன்னா கடைசி ஓட்டமாவது ஒண்ணாவது, நான் வீட்லதான் இருப்பேன்."

சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நஸ்ரின். பெட்டியில் மடித்து வைத்திருந்த பட்டுச் சேலையை எடுத்து மறுபடி பீரோவில் வைத்துவிட்டாள். இஸ்மாயில் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிர்க்கிக்குக் கிளம்பினார். சின்ன வயசில் பக்கத்து வீட்டில் இருந்த மேரி அத்தையை அழைத்துவர வேண்டும். அவளுக்கும் இதே விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தார். ஆயுசில் முதல் தடவை பறக்கப் போகிறாள்.

வண்டி ஹோல்கர் பாலத்தைத் தாண்டியதும் அவருக்கு வாப்பா நினைப்பு வந்துவிட்டது. எப்போதும் அந்த இடத்தில்தான் வரும்.

வாப்பா மேலப்பாளையத்திலிருந்து பிழைக்க வந்து, கிர்க்கிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் நகர்கிற கிரேன். அதன் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தால், தலைக்கு மேலே தகரம், காலுக்குக் கீழே மனிதர்கள். முறை வைத்துத்தான் ஏற்றுவார்கள். கிரேன் முறை இல்லாத நாளில் கோடவுனில் வேலை. அந்த வருஷங்களில் ரம்ஜான் அக்டோபரில் வந்தது. அக்டோபர் வெயில் என்றால் புனேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "எங்க வாப்பா எச்சில்கூட முழுங்காம கிரேன் ஓட்டுவாவ, தெரியுமால?" என்று லைன் வீட்டுப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வதுதான் அப்போது இஸ்மாயிலுக்கு முழுநேர வேலை.

சாயங்காலம் சைக்கிள் மணி கேட்கும். வாப்பா கை கால் கழுவிக்கொண்டு பாயில் வந்து உட்காருவார். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த விரல்களில் கிரீஸ் வாசம் போகாது. அந்த விரல்களாலேயே பேரீச்சம்பழத்தைப் பிட்டுப் பிள்ளைகளின் வாயில் வைப்பார். உம்மா காய்ச்சிய நோன்புக் கஞ்சியில் புதினாவும் பூண்டும் மணக்கும். பக்கத்து வீட்டிலிருந்து மேரி அத்தை எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையுங்க மதினி" என்பாள். அந்தக் கஞ்சியின் ருசியை அதற்கப்புறம் எந்த ஊரிலும், எந்த ஓட்டலிலும் அவர் கண்டதில்லை. கண்ணை மூடினால் இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

அப்படிப்பட்ட வாப்பாவிடம் ஒரே ஒரு குறை. மழைக்காலம் வந்தால் உம்மாவோடு சண்டை போடுவார். சண்டையைப் பிள்ளைகள் பார்த்ததில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மழை கொட்டுகிற நாட்களில், உம்மா சுடச்சுட பஜ்ஜி போட்டாலும் வாப்பா தொடமாட்டார். "ஏன் உம்மா, வாப்பா சாப்பிடல?" என்று கேட்டால், உம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "எம்மேல கோவம்" என்பாள். அந்த நாட்களில் இஸ்மாயிலுக்கு வாப்பாவைப் பிடிக்காது. உம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்காருவார்.

விமானியானதும் இஸ்மாயிலுக்கு ஒரு வெட்கம் உள்ளே புகுந்தது. வாப்பா கூண்டில் காய்ந்து கிடந்து நோன்பு வைத்தார். தான் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம். விதிப்படி, மார்க்கப்படி எல்லாம் சரிதான். ஆனாலும் மனசு கேட்க வேண்டுமே! வாப்பா மௌத்தாகிற வரைக்கும் ரம்ஜானில் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிந்ததில்லை. கடைசி நாளிலாவது ஒருமுறை வாப்பாவுக்குச் சமமாக நின்றுவிட வேண்டும் என்ற ஆசை அங்கிருந்துதான் வந்தது.

மேரி அத்தை என்கிற செல்வமேரி, புதுச் சேலையும் புதுச் செருப்புமாகக் காலையிலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்தாள். எண்பது தாண்டிவிட்டது. காது மட்டும் பாம்புக் காது.

"ஏலே இஸ்மாயிலு, வாலே! உக்காரு. இரானி பேக்கரில பாவு வாங்கி வச்சிருக்கேன், சாயாவுல முக்கித் தின்னுட்டுக் கெளம்புவோம்."

"வேண்டாம் அத்தை. நோன்பு."

அத்தை கிளாஸைக் கீழே வைத்தாள். "இன்னைக்கு நீதானல பிளேன் ஓட்டுத?"

"ஆமா."

"நோன்போடயா?"

"ஏன் அத்தை, வாப்பா கிரேன் ஓட்டலியா?"

அத்தை முதலில் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"யாரு, உங்க வாப்பாவா? போலே கிறுக்குப்பயலே! கிரேன் முறை வார நாளெல்லாம் காலைல எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து நிப்பாவ. ரெண்டு பாவு, பெரிய கிளாஸ்ல சாயா, ஒரு செம்புத் தண்ணி. நின்னுக்கிட்டே தின்னுட்டு, மீசையத் துடைச்சுக்கிட்டுப் போவாவ."

"சும்மா சொல்லாதீங்க அத்தை."

"நான் ஏம்ல பொய் சொல்லுதேன்? மொத வருசம் நோன்போடதான் ஏறுனாவ. ஒருநாள் கண்ணு இருட்டி, தூக்குன இரும்பு ஆடிப்போச்சு. கீழ நின்னு சங்கிலி மாட்டுனது எங்க வீட்டுக்காரரு. தலைக்குப் பக்கத்துல போச்சாம். ஆண்டவர் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. மறுநாள் காலைல பாய் வந்து நிக்காவ, முகமே செத்துப்போயி. 'மேரி, எங் கொக்கிக்குக் கீழ உம் புருசன் நிக்கான். எம் பசி அவன் தலைல விழக்கூடாது. ஏதாவது இருந்தாக் குடு'ன்னாவ. எனக்கு அழுகை வந்துட்டு."

இஸ்மாயில் கையிலிருந்த கார்ச் சாவியைக் கீழே வைத்தார்.

"மதினிக்குத் தெரியக்கூடாது, பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. நீங்கல்லாம் அப்பதான் நோன்பு வைக்கப் பழகுதிய. வாப்பாவே தின்னாவன்னு தெரிஞ்சா நாளைக்கு ஆளாளுக்குச் சாக்குச் சொல்லுவியளாம். விட்ட நோன்பத்தான் மழைக்காலத்துல, கிரேன் முறை இல்லாத நாளாப் பாத்து வச்சுக் கழிச்சாவளே!"

"மழைக்காலத்துலயா?"

"ஆமா, பின்ன? மழையில தாகம் எடுக்காதாம். பாயோட கணக்கு அது." அத்தை கிளாஸை அவர் கையில் திணித்தாள். "இத்தனை வருசமா வாயத் திறக்கல. இப்ப நானே உன் கொக்கிக்குக் கீழ உக்காரப் போறேன், இனிமே என்னல சத்தியம்! குடி."

உம்மாவின் பஜ்ஜியைத் தொடாத வாப்பா. ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த வாப்பா. அவரைப் போய்க் கோபக்காரர் என்று இஸ்மாயில் நினைத்திருந்தாரே! ஆயுசு முழுக்க யாருக்குச் சமமாக நிற்க முடியவில்லையே என்று வெட்கப்பட்டாரோ, அவர் செய்ததைத்தான் தானும் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார். அழுகை வந்தது. அடக்கவில்லை. அழுதுகொண்டே பாவு ரொட்டியைச் சாயாவில் முக்கித் தின்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிறகு நஸ்ரினுக்குப் போன் போட்டார். "சாயா குடிச்சுட்டேன். கெளம்பு."

"யாரு சாட்சி?"

"மேரி அத்தை."

"அப்போ சரி. சேலைய எடுக்கேன்."

அன்றைக்கு விமானத்தில் துணைக்கு உட்கார்ந்தது தீப்தி. ஏறினதும் முதல் காரியமாகத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "சார், ரம்ஜான் மாசம். எதுக்கும் என் கண்ணு முன்னால குடிச்சுடுங்க" என்று இந்தியில் சொன்னாள். பழிக்குப் பழி. இஸ்மாயில் பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு, "அன்னைக்கு உன்னை அனுப்பினது சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை" என்றார். தீப்தி சிரித்தாள்.

விமானம் தென்கிழக்கே திரும்பியதும் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நோன்பாளிகள் நாலைந்து பேர், எப்போது திறக்கலாம் என்று பணிப்பெண்ணிடம் கேட்டனுப்பினார்கள். கீழே சூரியன் மறைந்தாலும் மேலே இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தெரியும். கண்ணுக்கு மறைந்தால்தான் கணக்கு. "வலது பக்கம், பின் ஜன்னல்ல ஒரு வயசான அம்மா இருக்காங்க. அவங்களப் பார்த்துச் சொல்லச் சொல்லு" என்றார். சற்று நேரத்தில் பணிப்பெண் வந்தாள். "சார், சூரியன் முழுசா முங்கிட்டாம். அந்தம்மா உங்க மிஸஸ் வாயில பேரீச்சம்பழத்தை வச்சுட்டாங்க."

இஸ்மாயில் மைக்கை எடுத்து, நோன்பு திறக்கலாம் என்று இந்தியில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தார், தமிழிலும் சொன்னார். சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டது மேரி அத்தைக்குத் தெரியவே இல்லையாம்.

அன்றைக்கு விட்ட அந்த ஒற்றை நோன்பை அவர் உடனே வைக்கவில்லை. மழைக்காகக் காத்திருந்தார். ஜூலையில் மூன்று நாள் விடாமல் கொட்டியபோது வைத்தார். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், திடீரென்று நஸ்ரினைக் கூப்பிட்டார்.

"உம்மாவுக்குத் தெரியாதுன்னு மேரி அத்தை சொன்னாவல்லா?"

"ஆமா."

"நோன்பு வச்சா சஹருக்கு எந்திரிக்கணுமே? விடியுமுன்ன யாரு சோறு வச்சிருப்பா? உம்மாதான வச்சிருக்கணும்?"

நஸ்ரின் கையிலிருந்த பஜ்ஜித் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததாக வாப்பாவிடம் காட்டிக்கொள்ளவில்லை. வாப்பாவைப் பிள்ளைகளிடம் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஏதோ சாக்குச் சொல்லிச் சஹருக்கு எழுந்தவருக்கு, ஒன்றும் கேட்காமல் சோறு வைத்திருக்கிறாள். பிள்ளைகள் கேட்டபோது பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அபுதாபியிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். "என்ன உம்மா, நீ மட்டும் பஜ்ஜி தின்னுற? வாப்பா சாப்பிடலியா?"

நஸ்ரின் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மழைச் சத்தத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எம்மேல கோவம்" என்றாள்.