காப்புக்கு வந்த சம்பந்தி

சிவசாமி அந்த ஊருக்கு வந்தது ஒரு பகல் பொழுதுக்குத்தான். மகள் கலைமதியைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போய்ச் சில மாதங்கள் வைத்துக்கொள்ளச் சம்பந்தியிடம் கேட்பது, சாயங்காலப் பேருந்தில் திரும்பிவிடுவது என்று நினைத்திருந்தார். மாற்றுத்துணிகூடக் கொண்டுவரவில்லை.

கலைமதிக்கு இது இரண்டாவது கர்ப்பம். முதலாவது போன வருடம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. கணவன் ரகுநாத் கத்தாரில் வேலை பார்க்கிறான். மணமேல்குடிக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊரில் மாமனார் மாமியாருடன் அவள் இருந்தாள். "இந்தத் தடவை அவள் நம்ம கண் முன்னால் இருக்கட்டும்" என்று சிவசாமியின் மனைவி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவர் புறப்பட்டு வந்தார்.

வந்த அன்று வாய் திறக்க முடியவில்லை. சம்பந்தி கண்ணுசாமி தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேரம் கழித்து வந்தார். சாப்பாடு நீண்டது. கேட்கலாம் என்று தொண்டையைச் சரிசெய்தபோதெல்லாம் யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்றார்கள். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்.

"காப்புக்குன்னு சம்பந்தியே வந்துட்டாகளே. நல்ல மனசு."

சிவசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று இரவு மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. காப்புக் கட்டும் இரவு ஊரில் தங்கியவர், பால்குடம் முடியும்வரை வேறு ஊரில் இரவு தங்கக் கூடாது. கண்ணுசாமியோ சம்பந்தி திருவிழாவுக்கென்றே வந்திருப்பதாக நினைத்து, அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டார். "நான் திருவிழாவுக்கு வரவில்லை, உங்கள் மருமகளை அழைத்துப்போக வந்தேன்" என்று அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எப்படி மனம் வரும்? கடைசிப் பேருந்து போய்விட்டது. தப்பு மேளச் சத்தம் கோவில் பக்கமிருந்து கேட்டது. சிவசாமி அந்த ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

மறுநாள் காலையில் மனைவி போனில், "சாமி காரியம். கட்டுன பெறகு கெளம்பி வந்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நம்ம பொண்ணைத்தான் சொல்லுவாங்க. இருந்துட்டு வாங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். சிவசாமிக்கும் சாமிபயம் உண்டு. அதற்கு மேல், மகளைப் பற்றிய பயம்.

சிக்கல் மாலை நேரத்தில்தான். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிவசாமியின் மாலைகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நூலகத்தில் நாளிதழ்கள், பிறகு திருக்கோகர்ணத்தில் அம்பாள் தரிசனம், வீட்டுக்கு வந்து டிவியில் செய்தி. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் கண்ணுசாமி விரதமிருந்து பால்குடம் எடுக்கிறார். அதனால் அவர் மனைவி அமராவதி டிவியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். நாளிதழ் வருவது டீக்கடைக்கு மட்டும். டீக்கடைக்காரரும் காப்புக் கட்டியிருந்ததால் கடை சாத்திக் கிடந்தது. ஆலமரத்தடியில் சீட்டாடுகிறவர்கள் கட்டைத் தொடவில்லை. சமையலில் தாளிப்புகூடக் கிடையாது. எண்ணெய் வாசனைக்கே குமட்டும் கலைமதி ஒருத்திக்குத்தான் அது நிம்மதியாக இருந்தது.

முதல் நாள் மாலை கண்ணுசாமி கேட்டார்.

"வீட்டுல இந்நேரத்துக்கு என்ன செய்வீங்க சம்பந்தி?"

"சும்மா, கொஞ்சம் நடப்பேன்" என்றார் சிவசாமி. நூலகம்வரை நடப்பதைத்தான் சொன்னார்.

"அப்ப வாங்க. அதுக்கென்ன."

இருவரும் கண்மாய்க்கரை வழியாக நடந்தார்கள். கண்மாய் வற்றிக் கிடந்தது. கருவேலங்காட்டைத் தாண்டினால் இறால் பண்ணையின் கம்பிவேலி. வேலியை ஒட்டியே போனால் கடற்கரைச் சாலை. அங்கே நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் நாள் உப்புக்காற்று முகத்தில் பட்டபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளும் பழுதில்லை. அதற்குப் பிறகு வழியில் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. அதே வேலி, அதே பழுப்பு நாய், அதே கருவேலமரம். காலில் புழுதி ஏறியது. சட்டை உப்பில் விறைத்தது.

பேச்சும் தீர்ந்துவிட்டது. மழை பற்றிப் பேசியாயிற்று. தேங்காய் பற்றியும் ரகுநாத்தின் கம்பெனி பற்றியும் பேசியாயிற்று. சம்பந்திகள் எல்லாவற்றையும் பேசிவிட முடியாது. ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் அது பெண் வாழும் வீட்டில் போய் விழும். ஒவ்வொரு நாளும் செருப்பை மாட்டும்போது 'இன்று கேட்டுவிடுவேன்' என்று சிவசாமி நினைப்பார். கண்மாய்க்கரையில், கருவேலங்காட்டில் கேட்கலாம் என்று தள்ளிப்போடுவார். சாலை வந்துவிடும். திரும்பும்போது கேட்கலாம் என்று நினைப்பார். வீடு வந்துவிடும்.

நடக்காமல் வீட்டிலேயே இருந்துவிடவும் முடியவில்லை. அமராவதி அவரிடம் அதிகம் பேசுவதில்லை. "சாப்புடுங்க அண்ணே", "தண்ணி வச்சிருக்கேன் அண்ணே" என்பதோடு சரி. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மருமகளிடமும் அப்படித்தான். கலைமதியைப் பாத்திரம் தொட விடுவதில்லை. ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. போன வருடம் நடந்ததை அவள் மன்னிக்கவில்லை என்று சிவசாமி எண்ணினார். அந்த எண்ணம் அவரை வீட்டிலிருந்து வெளியே தள்ளியது. வெளியே அதே வேலியும் அதே நாயும் காத்திருந்தன.

பால்குடத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அன்று மாலை வெயில் சாய்ந்த பிறகும் தரை கொதித்தது. படுத்தே கிடக்கலாமா என்று சிவசாமி யோசித்தார். அதற்குள் கண்ணுசாமி செருப்போடு வாசலில் நின்றார்.

"கெளம்பலாமா சம்பந்தி? இன்னைக்கி வேணும்னா வேற பக்கம் போவோம். உப்பளத்துப் பக்கம். கொஞ்சம் தூரம், ஆனா பாக்க நல்லாருக்கும்."

"போகலாமே" என்றார் சிவசாமி. அந்தச் சொல் நாக்கில் கசந்தது.

கருவேலங்காட்டைத் தாண்டி நடந்தார்கள். பண்ணை வேலி முடிந்து உப்பளப் பாதை பிரியும் இடத்தில் ஒரு சிறு பாலம். அதன் கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணுசாமி நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்னங்க, முள்ளா?"

"முள்ளு இல்லைங்க. குதிவாதம். ரெண்டு வருசமா இருக்கு." தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனைக்கக் கூடாது சம்பந்தி. டாக்டரு ஒங்களை எம்புட்டுத் தூரம் நடக்கச் சொல்லியிருக்காரு?"

"எந்த டாக்டர்?"

"தெனம் நடக்குறீங்களே. சுகரு கிகரு இருக்குமோன்னு…"

"எனக்கு ஒரு வியாதியும் இல்லையே. உங்களுக்கு நடக்கிற பழக்கம் இருக்குன்னுல்ல நான் வந்தேன்."

கண்ணுசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கா? காலையில விடியாம தென்னைக்குப் போனா மத்தியானம் வரைக்கும் வரப்புல நிக்கிறேன். அதுக்கு மேல நடந்து எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறேன்? ஒங்களுக்குப் பொழுது போகாதேன்னு வந்தேங்க. டிவியும் இல்லை, பேப்பரும் இல்லை. வந்த மனுசன் மொகம் வாடிக்கிட்டே போகுது. அதான் இன்னைக்கி உப்பளத்துக்கு."

சிவசாமி பக்கத்திலேயே உட்கார்ந்தார். இத்தனை நாள் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் நடந்திருக்கிறார். ஒருவருக்காக ஒருவர் சலிப்பைச் சுமந்ததும் ஒருவகை அன்புதான். ஆனால் வாய் திறக்காத அன்பு இரண்டு பேருடைய காலையும் புண்ணாக்கிவிட்டது. இதற்கு மேல் மறைப்பது சாமிக்கே அடுக்காது என்று அவருக்குத் தோன்றியது.

"சம்பந்தி, நான் காப்புக்கு வரலை" என்றார். "கலையைக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்க வந்தேன். மூணு நாலு மாசம் அவ அம்மாகிட்ட இருக்கட்டுமேன்னு. ஒவ்வொரு நாளும் இந்த ரோட்டுல கேக்கணும்னு வர்றேன். வாய் வரலை."

கண்ணுசாமி குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இறால் குளங்களில் சுழலும் காற்றாடிகள் தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது.

"போன தடவை அப்பிடி ஆனப்ப, எங்க வீட்டுக்காரி ஒரு மாசம் ஒழுங்கா சோறு திங்கலைங்க" என்றார் கடைசியில். "நம்ம கையில இருந்தப்பத்தானே போச்சுன்னு. இப்பயும் அந்தப் புள்ள படியில எறங்குனா இவ மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. வார்த்தை பேசுனா அழுதுருவோம்னு பேசுறதே இல்லை. நீங்க வந்து எறங்குன அன்னைக்கே கேட்டா, 'கூட்டிட்டுப் போக வந்திருப்பாகளோ'ன்னு. நான்தான் காப்புக்கு வந்திருக்காகன்னு அடிச்சுச் சொன்னேன். நீங்க கூட்டிட்டுப் போயிட்டா, பெத்தவகளுக்கே நம்ம மேல நம்பிக்கை இல்லைன்னு ஊரு பேசும். அதைவிட, அவளே அப்பிடி நெனைச்சுக்குவா."

சிவசாமி தலைகுனிந்தார். அந்த அம்மாளின் மௌனத்தைக் கோபம் என்று நினைத்திருந்தாரே.

"கலை என்ன சொல்லுது?" என்று கண்ணுசாமி கேட்டார்.

"நான் கேக்கலை. நீங்க?"

"நான் எப்பிடிக் கேக்குறது."

இருட்டத் தொடங்கியது. கண்ணுசாமியால் காலை ஊன்ற முடியவில்லை. சாலைப் பக்கமிருந்து ஒரு லோடு வண்டி வந்து அருகில் நின்றது. ஓட்டி வந்தவன் மீமிசலுக்கு மீன் பெட்டி ஏற்றும் பிராங்க்ளின்.

"என்ன மாமா, இங்கிட்டே ஒக்காந்துட்டீங்க? நானும் தெனம் பாக்குறேன். ரெண்டு பேரும் எதையோ தொலைச்ச மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறீங்க. கெடைச்சுச்சா?"

"இப்பத்தாண்டா கெடைச்சுச்சு" என்றார் கண்ணுசாமி. "நீ போ. நான் காப்புக் கட்டியிருக்கேன். மீன் வண்டியில வரக் கூடாது."

"தெரியாதா எனக்கு?" பிராங்க்ளின் இறங்கி வந்தான். "இன்னைக்கி மீன் லோடே இல்லை. வண்டியக் கழுவி, தண்ணி கேன் ஏத்திட்டு வாரேன், ஒங்க கோவில் அன்னதானத்துக்குத்தான். ஏறுங்க. முன்னாடி நெருக்கி ஒக்காருவோம்."

கண்ணுசாமியின் தோளைத் தாங்கி ஏற்றிவிட்டான். சிவசாமி ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். நாள் தவறாமல் கோவிலுக்குப் போகும் தமக்கு, அந்தப் பையன் செய்ததில் பாதிகூடத் தோன்றியதில்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் அமராவதி கணவனின் நடையைப் பார்த்ததும் வெந்நீர் வைக்கப் போனாள். கண்ணுசாமி அவளைத் தடுத்து உட்காரச் சொன்னார். கலைமதியையும் கூப்பிட்டார். சிவசாமி எல்லாவற்றையும் சொன்னார். தாம் வந்த காரணம், கேட்க முடியாமல் போனது, பாலத்தில் பேசியது. சொல்லி முடித்து, "உனக்கு எப்படித் தோணுதும்மா?" என்று மகளிடம் கேட்டார்.

கலைமதி சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட இருக்கணும்போல இருக்குப்பா. ராத்திரியில பயமா இருக்கு. அத்தைகிட்ட அதை எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலை. சொன்னா, இங்க என்னமோ கொறைன்னு ஆயிரும்."

அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள்.

"ஆனா நீங்க கூட்டிட்டுப் போக வேணாம்ப்பா" என்றாள் கலைமதி. "பால்குடம் முடியட்டும். மாமாவும் அத்தையுமா கொண்டாந்து விடட்டும். அவங்க அனுப்பி நான் வந்ததா இருக்கட்டும். அத்தை எங்கூட அங்க கொஞ்ச நாள் இருக்கட்டும். ராத்திரி எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை."

"நான் வந்துட்டா மாட்டை யாரு பாக்குறது?" அமராவதியின் குரல் உடைந்திருந்தது.

"நான் பாக்குறேன்" என்றார் கண்ணுசாமி. "நடக்கச் சொல்லாத வேலை எதுன்னாலும் செய்யிறேன்."

கலைமதி சிரித்தாள். அமராவதி எழுந்து வெந்நீர் வைக்கப் போனாள். அன்று இரவே ரகுநாத்திடம் போனில் சொன்னபோது அவனும் சரி என்றான்.

மறுநாள் மாலை பிளாஸ்டிக் நாற்காலிகளை வேப்பமர நிழலில் போட்டுக்கொண்டு இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்திருந்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை. பேசுவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் அத்தனை நாள் அலுப்பு உடம்பில் இருந்தது. கண்ணுசாமி உட்கார்ந்தபடியே லேசாகக் கண்ணயர்ந்தார். சிவசாமி அம்மனை நினைத்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார். பிள்ளை நல்லபடியாகத் தங்க வேண்டும். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

அமராவதி இரண்டு டம்ளர் மோரோடு வந்தாள். கொடுத்துவிட்டு வழக்கம்போல உடனே உள்ளே போகவில்லை.

"அண்ணே" என்றாள். "ஒங்க வீட்டுல மாடிப்படி ஏறணுமா? எனக்கு முட்டி ஒத்துழைக்காது."

"கீழேயே அறை இருக்கு தங்கச்சி" என்றார் சிவசாமி. "கிணத்துப் பக்கம். காத்து நல்லா வரும்."