மற்ற போன்கள்

தணிகாசலத்தால் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

கையில் ஒட்டிக்கொள்ளவில்லை. ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவிப் பார்த்திருப்பார். மேஜைமேல் வைக்கப் போனால் மேஜை கொஞ்சம் இறங்கிக்கொண்டது. கை இன்னும் தாழ்ந்தது; மேஜையும் இன்னும் இறங்கியது. மேஜை தரையோடு தரையானதும் தரை இறங்க ஆரம்பித்தது. கீழ் வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் மேலே தட்டினார். தணிகாசலம் கையை எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். பை முழங்கால் வரை நீண்டது. போன் அடியைத் தொடவில்லை.

ஆகவே இடது கையில் பிடித்தபடியே தூங்கினார், குளித்தார், தான் மேனேஜராக இருந்த கல்யாண மண்டபத்துக்கும் போய் வந்தார். காதில் போனோடு பல பேருடைய கல்யாண ஆல்பங்களில் நின்றார்.

போனில் அஞ்சுகம் இருந்தாள். அவருடைய மனைவி. ஒரு சண்டைக்குப் பிறகு சோளிங்கரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"நான் கிளம்பி வரட்டா, இங்கயே இருக்கட்டா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் வந்து, ரசம் தீர்ந்துவிட்டது என்றார்.

"இரு" என்றார் தணிகாசலம், போனில்.

கொஞ்சம் பொறு என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். ரசத்துக்கு வழி பண்ணிவிட்டுத் திரும்பினார். அஞ்சுகம் பேசவில்லை. வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. சில சமயம் குக்கர் விசில் கேட்டது. அன்றிலிருந்து அவர் "வா, கிளம்பி வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை.

போன் பேச்சு எப்படி முடிகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவர் "வைக்கிறேன்" என்பார். மற்றவர் "சரி, வை" என்பார். முதலாவது பூட்டு, இரண்டாவது சாவி. அதற்குப் பிறகு பட்டனை அழுத்துவது வெறும் சடங்கு. இந்த இரண்டு வார்த்தையும் இல்லாமல் பேச்சு அறுந்தால், அந்த வீட்டில் அதற்குச் சண்டை என்று பெயர். ஏற்கெனவே ஒரு சண்டை நடப்பில் இருந்தது. அதன்மேல் இன்னொன்று விழுந்தால் அஞ்சுகம் திரும்பி வரமாட்டாள். இது தணிகாசலத்துக்கு நன்றாகத் தெரியும்.

பேட்டரி நாலு சதவீதத்துக்கு வந்தது. சார்ஜரைச் செருகப் பார்த்தார். ஓட்டை தூர்ந்துபோயிருந்தது. ரொம்ப நாள் தோடு போடாத காது அப்படித்தான் ஆகும். புதுப் போன் ஒன்று வாங்கி, அஞ்சுகத்தை அதற்கு மாற்றிவிடுவது என்று அரக்கோணம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்குப் போனார்.

கடையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மேஜை. முதல் மேஜை லூமா. ஆரஞ்சுச் சட்டை போட்ட விற்பனையாளர் நின்றார். நெஞ்சில் ஜெபசிங் என்று பெயர் குத்தியிருந்தது.

அழைப்பு அறுந்துபோகாமல் மாற்ற முடியுமா என்று தணிகாசலம் கேட்டார். காபி ஆற்றத் தெரிந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று ஜெபசிங் சிரித்தார். பழைய போனைப் புதுப் போன்மேல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மெதுவாக ஊற்ற வேண்டும். தூக்கி ஆற்றினால் குரலில் நுரை கட்டும். அவர் பதமாக ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

தணிகாசலம் காதில் வைத்தார். மூச்சு இல்லை. குக்கர் இல்லை.

"எங்க அவ?"

"சத்தத்த எல்லாம் எடுத்துடும் சார். பேசுறவங்க குரல மட்டும்தான் விடும். அவங்க பேசலையே."

ஒருவர் பேசாமல் இருக்கும்போது லூமா அவரைக் காற்று, மின்விசிறி, பஸ் ஹாரன் ஆகியவற்றோடு சேர்த்துக் கழித்துவிடுகிறது. கணக்கில் தவறில்லை. தணிகாசலம் திருப்பி ஊற்றச் சொன்னார். மூச்சு திரும்பியது. முன்னைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது.

அடுத்த மேஜை தக்ஷா. பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடையில் இரண்டு போன்களை ஒப்பிட நினைத்தாலே நடுவில் இடம் நீளும். கேமராவை ஒப்பிட்டார், வழி தெருவளவு நீண்டது. பேட்டரியை ஒப்பிட்டார், நடுவில் ஒரு டீக்கடை வந்தது. நினைப்பதை நிறுத்திய பிறகுதான் போய்ச் சேர முடிந்தது.

அங்கே பச்சைச் சட்டையில் அதே ஜெபசிங் நின்றார். மூச்சு வாங்கியது. தணிகாசலத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"லூமாவா பாத்தீங்க? அது வாய் தெச்ச போன் சார். அங்க நிக்கிறானே, அவனும் ஒரு மாதிரி ஆளு."

தக்ஷா நாம் தொடங்கும் வார்த்தையைத் தானே முடித்துக்கொடுக்கும் என்று விளக்கினார். கோடிப் பேர் பேசியதைக் கேட்டு வைத்திருக்கிறது. முதல் எழுத்து வந்தாலே, பெரும்பாலானோர் அடுத்து என்ன சொல்வார்கள் என்று அதற்குத் தெரியும். ஊற்றினார். மூச்சு கேட்டது. தணிகாசலத்துக்குக் கண் நிறைந்தது.

"வா" என்றார்.

"வாழ்த்துகள்" என்று போன் அவர் குரலிலேயே சொன்னது.

"வா, அஞ்சுகம்."

"வாடகை, அஞ்சல் துறை."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. திருப்பி ஊற்றிக்கொண்டார். இரண்டு சதவீதம்.

மேஜைமேல் ஒப்பீட்டு அட்டை நின்றது. லூமா மேஜையிலும் அதேபோல் ஒன்று இருந்தது. இடது பத்தியில் அந்தந்தக் கம்பெனி. எல்லாவற்றுக்கும் பச்சை டிக். வலது பத்தியில் 'மற்ற போன்கள்'. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெருக்கல் குறி. தணிகாசலம் வலது பத்தியில் விரலை வைத்தார்.

"இது இருக்கா?"

ஜெபசிங் பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்தார். உள்ளே அவருடைய சொந்தக் கட்டம்போட்ட சட்டை இருந்தது. குரலும் மாறியது.

"இருக்குண்ணே. அது ஒரு கம்பெனி பேருதான். யாரும் கேக்கறதில்ல."

மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார். பெட்டியில் 'மற்ற போன்கள்' என்று அச்சடித்திருந்தது. அது என்னவெல்லாம் செய்யும் என்று தணிகாசலம் கேட்டார்.

"ஒண்ணும் செய்யாது. சொன்னத அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடும். தண்ணில விழுந்தா செத்துடும்."

ஊற்றினார்கள். "வா" என்றார் தணிகாசலம். மூச்சு அப்படியே இருந்தது. வார்த்தை போய்ச் சேரவில்லை.

அந்தப் போனுக்கு மட்டும்தான் முதுகு மூடி கழலும். ஜெபசிங் நகத்தால் நெம்பினார். உள்ளே ரயில் பாதை மாதிரி ஒற்றை வழி தெரிந்தது. அதில் தணிகாசலம் சொன்ன வார்த்தைகள் வரிசையாக நின்றன. வா. வா. சாப்ட்டியா. கேக்குதா. வா. கடைசி வா ரயில் நிலையத்தைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"முன்னாடி ஒருத்தர் உக்காந்திருக்காருண்ணே."

"யாரு?"

"இரு."

சிறிய வார்த்தைதான். சம்மணமிட்டு வழியை அடைத்திருந்தது.

"இருன்னு சொன்னீங்க, இருக்கு. அது மேல என்ன தப்பு?" என்றார் ஜெபசிங். "போன்னு சொல்லுங்க. எந்திரிச்சுப் போயிடும்."

தணிகாசலம் யோசித்தார். வழி ஒன்றுதான். அதன் மறுமுனையில் அஞ்சுகத்தின் காது இருக்கிறது. 'போ' என்று சொன்னால் அதுவும் அங்கேதான் போய் விழும். வீட்டைவிட்டுக் கிளம்பும் யாரிடமும் அவர் வெறும் 'போ' சொன்னதில்லை. அவர் வீட்டில் யாருமே சொன்னதில்லை.

"போயிட்டு வா" என்றார்.

இரு எழுந்தது. பின்புறத்தைத் தட்டிக்கொண்டு போனது. அதன் பின்னால் எல்லா வார்த்தைகளும் நகர்ந்தன. சோளிங்கரில் அவை ஒவ்வொன்றாக விழும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

ஒற்றைப் பாதையில் இந்தப் பக்கத்து வண்டி போனால்தான் அந்தப் பக்கத்து வண்டி வர முடியும். இப்போது பாதை காலி. அஞ்சுகத்தின் வார்த்தைகள் வர ஆரம்பித்தன. சொன்ன வரிசையிலேயே வந்தன.

இங்கேயே இரு என்கிறீர்களா என்று முதலில் கேட்டாள். சாப்பிட்டாரா என்று கேட்டாள். ஏதாவது பேசச் சொன்னாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், போகட்டுமா என்றாள். பதில் இல்லாததால் போய்விட்டதாகச் சொன்னாள். பிள்ளைகள் நன்றாக ஒட்டிக்கொண்டன என்றாள். பிறகு வந்ததெல்லாம் ஒரே வார்த்தைதான். வைக்கிறேன். வைக்கிறேன். முதலில் வந்தது பழையது; ஓரம் மங்கியிருந்தது.

கடைசியாக வந்தது சுடச்சுட இருந்தது.

"இத்தனை வா-வும் இப்பத்தான் வந்துச்சு. முன்னாடியே வந்திருக்கலாம். வேலைக்கு நேரமாச்சு, எனக்குக் காதெல்லாம் வலிக்குது. வைக்கிறேங்க."

அழைப்போடு சேர்ந்து ஊற்றி வந்திருந்த பேட்டரி ஒரு சதவீதம். தணிகாசலத்தின் வாயில் இன்னொரு வா இருந்தது. அதை விழுங்கினார்.

"சரி, வை" என்றார்.

பெட்டியோடு வேண்டுமா, பெட்டி இல்லாமல் வேண்டுமா என்று ஜெபசிங் விசாரித்தார். தணிகாசலம் போனைக் கண்ணாடி மேஜைமேல் இறக்கினார். மேஜை இறங்கவில்லை. போயிட்டு வரச் சொன்ன 'இரு' திரும்பி வந்து, போன்மேல் உட்கார்ந்தது.

போனைக் கீழே வைக்கும் முறை இதுதான். முதலில் அந்தப் பக்கம் இருப்பவரிடம் 'சரி, வை' என்று சொல்ல வேண்டும். பிறகு வைக்க வேண்டும்.