உரசாத சொல்

சவப்பெட்டியின் மேல் வைக்க மூன்று அட்டைகள் எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டாயிற்று. தையல்காரி நான்காவதை எடுத்தாள்.

“திருநங்கைன்னுதான் எழுதப் போறேன். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

“நான் திறப்பேன்” என்றார் கணக்கு வாத்தியார். அந்த வாய்க்குள் இருந்த மேல்வரிசைப் பல்செட், பெட்டிக்குள் படுத்திருப்பவர் செய்துகொடுத்தது.

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. அதனால் எல்லாருக்கும் அவர் ‘பல்லு’. நேற்றுக் காலை ஒருவருடைய பல்செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். நாற்காலியில் இருந்தவர், பல்லு யோசிக்கிறார் போலிருக்கிறது என்று முக்கால் மணி நேரம் வாயைப் பிளந்தபடி மரியாதையாகக் காத்திருந்தாராம்.

பட்டறைக் கதவருகே ஸ்டூலில் பல்லுவின் தங்கை உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அலமாரிகளில் பிளாஸ்டர் தாடைகள். அத்தனையும் தன்னைப் பார்த்து இளிப்பது போல அவளுக்கு இருந்தது.

முப்பது வயது வரைக்கும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டாள். ஒருநாள் அண்ணன் காதில் தோடு போட்டுக்கொண்டு வந்து நின்றார். ‘அண்ணா’ தொண்டையில் நின்றுவிட்டது, ‘அக்கா’ நாக்குக்கு வரவில்லை. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம், “இங்க பாருங்க”, “கேட்டுச்சா”, போனில் “நான்தான்” என்றே ஓட்டினாள். ஒரு தடவை அவர் தலைக்கு மேல் அலமாரி சாய்ந்தபோதுகூட, “அலமாரி, அலமாரி” என்று கத்தினாளே தவிர ஆளைக் கூப்பிடவில்லை.

பெட்டியை மூடுவதற்குள் ஒரு தடவை கூப்பிட்டுவிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. பல்லுவின் இந்த நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி வந்திருந்தாள்.

“என் அக்காவை எனக்குத் தெரியாதா?” என்றாள் தையல்காரி. “நான் இங்க வந்த முதல் வாரமே சொல்லிட்டாங்க. ‘நானும் உன்னை மாதிரிதாண்டி’ன்னு.”

“என்கிட்ட, ‘ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல, நாம ரெண்டு பேரும் ஒரே கேஸு’ன்னாங்க” என்றார் வாத்தியார். “இருமை சாராதவர்னு போடு.”

“அட்டையில கொள்ளாது வாத்தியாரே” என்றார் லாரிக்காரர். அவர் திருநம்பி. தன் லாரியையே சவ ஊர்தியாகக் கொண்டுவந்திருந்தார். “அண்ணன் ஆம்பளை. ஆம்பளைன்னு நான் ஊரைச் சுத்தி வந்து சேர்ந்த இடத்துல அவர் முன்னாடியே உக்காந்திருந்தாரு, அவ்வளவுதான். ‘நீயும் ஆம்பளை, நானும் ஆம்பளை, வா டீ குடிக்கலாம்’னாரு. அதுக்கு முன்னாடி எங்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல.”

“பொதுவா திருநர்னு போட்டுட்டா?” என்றார் வாத்தியார்.

“அது சங்கத்துக்குப் போடுற பேரு. படுத்திருக்கிறது ஒரு ஆளு” என்றாள் தையல்காரி.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. “மூணு பேர்கிட்டயும் மூணு பொய்யா சொல்லியிருக்காங்க?”

மூவரும் ஒரே சமயத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சண்டை போட்டவர்கள் சட்டென்று ஒரே கட்சியாகிவிட்டது தெரிந்தது.

“பொய் இல்லக்கா” என்றாள் தையல்காரி. “பல்செட்டு மாட்டினா ஒரு வாரம் போட்டுப் பாக்கச் சொல்லுவாங்க இல்ல? எங்க உரசுதுன்னு வந்து சொன்னா அரத்தை எடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை நாங்க இங்க கூடினா பேச்சும் அப்படித்தான். யாராவது தன்னைச் சொல்லிக்க ஒரு புதுப் பேரோட வருவாங்க. ஒரு வாரம் போட்டுப் பாரு, உரசினா ராவிக்கலாம், காசு கிடையாதும்பாங்க. புதுசா வந்தவங்க தனியாப் போட்டா கூச்சப்படுவாங்கன்னு, கூட இவங்களும் அதையே போட்டுப்பாங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

“அப்ப என்னோட வாரத்துல என்னுது” என்றார் வாத்தியார் மெதுவாக.

“என்னுதுல என்னுது” என்றார் லாரிக்காரர். “பாவி மனுஷன். ஒவ்வொருத்தர் கூடவும் போட்டு நடந்திருக்காரு.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வாத்தியாரின் மேல்வரிசை சற்றே நழுவியது. அவர் அதை ஏற்றி மாட்டிக்கொண்டு சிரித்தார்.

“நீங்க சொன்ன பேரு எதுவுமே அவங்களுக்கு நிலைக்கலையா?” என்றாள் தங்கை.

“கேட்டிருக்கேன்” என்றார் லாரிக்காரர். “‘எனக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உரசுது, ஆனா எதையும் துப்பத் தோணல’ன்னாரு.”

தங்கை எழுந்தாள். “எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க. தனியா.”

அட்டையை வெறுமையாகவே மேசையில் வைத்துவிட்டு மூவரும் வெளியே போனார்கள். அவள் கதவைச் சாத்தினாள். பெட்டிக்குள் காதில் தோடும், முகத்தில் அரைகுறைச் சவரமுமாக அவர் இருந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அண்ணா.”

குரல் உடைந்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போன்ற கூச்சத்தோடு மறுபடி குனிந்தாள்.

“அக்கா.”

அதுவும் ஒன்றும் பழகிய சொல் மாதிரி இல்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை கொஞ்சம் அதட்டலாக வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே லாரி உறுமத் தொடங்கியது. கதவைத் தட்டினார் லாரிக்காரர்.

“அக்கா, ஆச்சா?”

“இன்னும் ரெண்டு மூணு பேரு இருக்குப்பா” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். “பொறுங்க.”

செருப்புச் சத்தம் படியிறங்கியது. சற்றுக் கழித்து எஞ்சின் அணைந்தது.