காந்தம் ஒட்டாத விளக்கு

காலை எட்டு மணிக்கு அந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலில் ஒரு தகர டப்பா நிரம்பிவிடும். வேலைக்கு வரும் பெண்கள் ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரும்பு கல்லில் உரசினால் பொறி பறக்கும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். அதனால்தான் உள்ளே மருந்து அள்ளப் பித்தளைக் கரண்டி. கீழே விழுந்த ஊசிகளைப் பொறுக்க, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வாட்ச்மேன் இழுத்துக்கொண்டு திரிவார். புதுக் கரண்டி வந்தாலும் அதே காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே போர்மேன் காளீஸ்வரன் கையெழுத்துப் போட வேண்டும்.

இருபது வருஷம் அப்படித்தான் போட்டார். 2006 தீபாவளி சீசனில் சறுக்கினார். கம்பெனிக்குச் சாமான் சப்ளை செய்கிற விருதுநகர் லட்சுமிகாந்தம், காளீஸ்வரனின் மகள் கல்யாணத்துக்கென்று இடுப்புயரக் குத்துவிளக்கு ஒன்றை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் பன்னிரண்டு கரண்டிகள் பளபளவென்று வந்து இறங்கின. விளக்கு வாங்கிய கைக்குக் காந்தத்தை எடுக்கக் கூச்சமாக இருந்தது. பார்க்காமலே கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மருந்து அறையில் வேலை பார்க்கும் சோலையம்மாள் ஒரு கரண்டியைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில் வாசலில் நின்ற காளீஸ்வரனிடம் கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. சனிக்கிழமை கழுவிக் கவுத்துனது. சிவப்பாத் துரு ஏறியிருக்கு."

"பித்தளைன்னா கறுக்கத்தான் செய்யும். போய் வேலையப் பாரு. ஆர்டர் நிக்குது."

"கறுக்கும். பச்சையாக் களிம்பு பிடிக்கும். துருப்பிடிக்காது அண்ணாச்சி. எங்க வீட்டுக் குடத்தைப் பதினஞ்சு வருசமாப் புளி போட்டு விளக்குறேன், எனக்குத் தெரியாதா?"

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம் என்று அவள் புத்தகத்தில் படித்தவளில்லை. எது புளிக்கு மினுங்கும், எது தண்ணீருக்குத் துருவேறும் என்று அவள் கைக்குத் தெரியும். அந்தக் கை வாட்ச்மேனின் காந்தத்தை வாங்கிக் கரண்டியில் வைத்தது. டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பின் மேல் பித்தளைப் பூச்சு.

"எங்க ஊக்கை டப்பாவுல வாங்கிப் போட்டுட்டு, கையில இம்புட்டு இரும்பைக் குடுத்திருக்கீக" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மத்த பதினொண்ணையும் சோதிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க ரூமுக்குள்ள போக மாட்டோம்."

காளீஸ்வரனுக்கு முகம் வெளிறிவிட்டது. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டார். "சீசன் நேரத்துல வேலைய நிப்பாட்டுனா நாளைக்கு உனக்கு இங்கன வேலை இருக்காது."

"வேலை போனா காரியாபட்டிப் பக்கம் மிளகாய் பறிக்கப் போவேன். உசுரு போனா எங்கன போறது?"

அந்த வாரக் கூலியை நம்பித்தான் அவள் வீட்டில் உலை வைக்க வேண்டும். இருந்தும் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்ற பதினான்கு பெண்களும் உட்கார்ந்தார்கள். அப்படி உட்காரவும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

மீதிப் பதினொன்றிலும் காந்தம் ஒட்டியது. காளீஸ்வரன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், காந்தத்தோடு சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனார். விளக்கின் அடியில் வைத்தார், தண்டில் வைத்தார், உச்சியில் வைத்தார். எங்கும் ஒட்டாமல் காந்தம் வழுக்கி விழுந்தது. அத்தனையும் சுத்தமான பித்தளை. அதுவும் போலியாக இருந்திருந்தால், 'நானும்தான் ஏமாந்தேன்' என்று சொல்லித் தப்பியிருப்பார். அந்த வழியும் இல்லாமல் போயிற்று. அவர் வீட்டுக்கு அசல், அந்தப் பெண்களுக்குப் பூச்சு. சுவரோரம் உட்கார்ந்து அழுதார்.

மத்தியானம் விளக்கைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, முதலாளி தனுஷ்கோடி முன்னால், பதினைந்து பெண்களும் பார்க்க, இறக்கி வைத்தார். வாங்கியதையும் சோதிக்காமல் விட்டதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"இதையே உருக்கிக் கரண்டி வார்த்துருவோம் மொதலாளி" என்றார்.

"வார்ப்போம். உன்னை என்ன செய்யுறதுன்னு சீசன் முடியட்டும், சொல்றேன்" என்றார் தனுஷ்கோடி. லட்சுமிகாந்தத்துக்கு அன்றே ஆர்டர் நின்றது. மருந்து அறைக்குப் பூட்டு விழுந்தது.

ஐந்தாம் நாள், அந்த விளக்கை உருக்கி வார்த்த புதுக் கரண்டிகள் வந்தன. பளபளப்பு குறைவு, கனம் அதிகம். காளீஸ்வரன் சோலையம்மாளைக் கூப்பிட்டு, அவள் கண்முன்னால் ஒவ்வொன்றாகக் காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒன்றிலும் ஒட்டவில்லை.

சோலையம்மாள் கரண்டியைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள். "லஞ்சம் வாங்குனவுக வீட்டுல அது விளக்கா நிக்கும் அண்ணாச்சி. வாங்காத எங்க வீட்டுலதான் தீயாப் பிடிக்கும். அடுத்து யாராவது எதையாவது கொண்டாந்து இறக்குனா, அதை மட்டும் நெனச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு ஊக்கைக் கழற்றி டப்பாவில் போட்டு, மருந்து அறைக்குப் போனாள்.