கேட்காமல் நின்ற கால்கள்

என் தம்பி ஐயாத்துரைக்கு நாக்கிலே நரம்பில்லை. சரவணை ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவன் பிள்ளை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் விஷப் புடையன் பாம்பு ஊர்ந்தபோது, அவன் மனைவி இராசமணி ஓடிப்போய்த் தூக்காமல் விறைத்து நின்றுவிட்டாள். பாம்பு தன்பாட்டில் வேலிக்குள் போய்விட்டது. படலை வாசலில் நின்று பார்த்த ஐயாத்துரை உள்ளே வந்து கேட்டான்.

"பெத்த தாய் மரம் மாதிரி நிக்கிறதே?"

அன்றிலிருந்து அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. பால் கொடுக்கவும் நான்தான் மடியில் வைக்க வேண்டும். சனிக்கிழமை காலை பெட்டியும் கையுமாக முற்றத்தில் நின்றாள்.

"மச்சாள், பிள்ளையை நீங்கள் வளருங்கோ. நான் சுருவிலுக்கு அம்மாவிட்டைப் போறன். ஓடத்தான் நினைச்சனான், கால் வரேல்லை. நான் ஒரு தாயே?"

பக்கத்தில் நின்ற தம்பிமேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிற எனக்கு ஆறுதல் சொல்ல வராது. மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பிடித்துச் சரித்துப் படுக்கவைத்து, சற்று அமத்திவிட்டுக் கையை எடுத்தேன். கோழி அப்படியே கிடந்தது.

"செத்துப் போச்சே?" என்றான் தம்பி.

"கண்ணைப் பார். முழிச்சுக்கொண்டுதான் கிடக்கு."

எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான். துள்ளாத கோழியென்றால் மரநாய் கொஞ்சம் பிடியைத் தளர்த்தும், கோழி தப்பி ஓடும். அதற்காகவே மூளை கால்களைப் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டுக்குச் சாவி செரட்டோனின் என்ற இரசாயனமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர் இப்போது, எழுபத்தொன்பதாம் ஆண்டில், எழுதுகிறார்கள். கடுகளவும் இல்லாத சாமான் ஓர் உயிரைக் காக்கிறது. என்ன கெட்டித்தனம்.

"நீர் நிண்டதும் இந்த மாதிரி வேலைதான்," என்றேன் இராசமணியிடம். "துள்ளியிருந்தால் புடையன் கொத்தியிருக்கும். மூளை உம்மைக் கேட்டே காலை நிப்பாட்டினது?"

இராசமணி பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

இதற்குள் பிள்ளை தவழ்ந்து கோழியிடம் போய்விட்டது. செட்டையில் கைவைத்ததுதான் தாமதம், கோழி படபடவென்று எழும்பிப் பிள்ளையின் முகத்துக்கு மேலால் பறந்தது. பிள்ளை வீரிட்டது. ஐயாத்துரை வாயைத் திறந்தபடி நின்றான். நான் குனிவதற்குள் பெட்டி மண்ணில் கிடந்தது, பிள்ளை இராசமணியின் இடுப்பில் இருந்தது.

"மூளை இதையும் உம்மைக் கேட்டே செய்தது?" என்றேன்.

அவள் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்? பெட்டியைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையுங்கோ."