ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு

நாடாவின் நுனியைச் சுற்றுச்சுவரில் அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்தாள் டெய்லரம்மா. மறுநுனியை இழுத்துக்கொண்டு, புது அறைக்காகத் தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டருகே போன நகரசபை அதிகாரி, நெடிய மனிதர், குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

“சுவருக்கும் ரூமுக்கும் அஞ்சடி விடணும்மா. நாலடி பதினொரு இஞ்ச்தான் இருக்கு.”

கொல்லைப்புறத்தில் ஓர் அறை, ஒரு குளியலறை, அடுப்பு வைக்க ஒரு மேடை. அவள் கேட்டது அவ்வளவுதான். அதுவும் அக்காவுக்காக. அக்கா குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. படியில் விழுந்து முட்டி நொறுங்கிய பிறகு ஏழு மாதமாக அவள் தரையை மிதிக்கவில்லை. கயிற்றில் கூடையை இறக்கித்தான் காய்கறி வாங்குகிறாள். இங்கே கூட்டி வரலாமென்றால் கீழே முழுக்கத் தையல் கடை, படுக்கிற அறைகள் மாடியில்.

அனுமதிக்காக நகரசபைக்குச் செருப்புத் தேய நடந்தாள். முதல் முறை சாக்கடை இணைப்பின் படம் இல்லை என்றார்கள். படத்தோடு போனால் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லை. வெளியூர் போயிருந்த அந்த மனுஷர் திரும்பி வந்து கையெழுத்துப் போடுவதற்குள் படிவமே மாறிவிட்டது. பழைய படிவத்தைக் கொடுத்த அதே ஆள், “இத யாரு குடுத்தாங்க உங்களுக்கு?” என்று அவளையே கேட்டார். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

எல்லாம் முடிந்து இன்று நேரடி ஆய்வு. அதற்கும் ஒரு விதி இருந்தது: குடிவரப்போகிற உறவினர் ஆய்வின்போது இருக்க வேண்டும். மாடி இறங்க முடியாதவளுக்குத்தானே இந்த அறையே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. பிரிட்ஜ் தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் அக்காவை நாற்காலியோடு இறக்கினார்கள். வளைவுக்கு வளைவு அக்கா விட்ட வசவை இதுவரை எந்தப் பிரிட்ஜும் அவர்களுக்குக் கொடுத்திருக்காது.

இப்போது அக்கா சிமென்ட் தரையில், சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவே அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் முகத்தில் விழுந்தது. நாற்காலியைத் திருப்பிவிடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

டெய்லரம்மா படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். அறையின் நீளம் பத்தடி ஓர் அங்குலம். அவள் கொடுத்த கணக்குத்தான். படம் போட்டவர் வந்த அன்று, “டெய்லரம்மா அளந்தா பிசகுமா?” என்று நாடாவை எடுக்கவே இல்லை. அவள் அளந்து, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் தையலுக்கு ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு எழுதியிருக்கிறாள். பெரிதாகிப் போனால் பிடித்துக்கொள்ளலாம், சின்னதாகிப் போனால் என்ன செய்வது? துணிக்கு அது சரி. ஐந்து மாதமாக அந்த ஆபீஸையே திட்டித் தீர்த்தவளுக்கு இப்போது திட்ட ஆள் இல்லை. அதுதான் தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது.

“இதுலயே திருத்திக்கலாமே சார். ஒரு இஞ்ச்தானே?”

“திருத்தக் கூடாதும்மா. புதுப் படம், புது மனு.”

“ஆய்வு?”

“அதுவும் புதுசாத்தான்.”

“இவங்க திரும்ப…?”

“நேர்ல இருக்கணும்.”

வாசல் கேட்டருகே பிரிட்ஜ் ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டார்கள்.

“நான் மேல போகல,” என்றாள் அக்கா.

“அக்கா, நீ வேற உயிர வாங்காத. இங்க சுவரு கூட இல்ல.”

“ஏழு மாசமா சுவரத்தானேடி பாத்துட்டிருந்தேன்.”

டெய்லரம்மா ஈரத்துணியை எடுத்து வந்து, மண்டிபோட்டு, பின்பக்கக் கோட்டை அழித்தாள். ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் புதிதாகக் கோடு இழுத்தாள். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது.

அதிகாரி கோப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அறைக்குள்ளிருந்து குறுக்கே கிளம்பினார்.

“சார், கோட்ட மிதிக்காதீங்க,” என்றாள் அக்கா. “வாசல் அந்தப் பக்கம்.”

அவர் கீழே பார்த்தார். தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, கதவுக்காக விட்டிருந்த மூன்றடி இடைவெளிக்கு வந்து, தலையை லேசாகக் குனிந்துகொண்டு வெளியே போனார்.